திருப்பிக் கேட்ட தாம்பூலம்

மலையாண்டி பசுவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

செவந்தி அதை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் மாட்டோடு பேசாத சம்சாரி எந்த ஊரில் இருக்கிறான்? அவள் காளான் கொட்டகைக்குள் நின்று, அவித்து உலர்த்திய வைக்கோலைப் பிடி பிடியாக இறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறுக்கினால் தண்ணீர் சொட்டக் கூடாது; விட்டால் உள்ளங்கையில் ஈரம் மட்டும் ஒட்ட வேண்டும். ஈரம் கூடினால் பை அழுகும், குறைந்தால் காளான் வித்து பரவி ஓடாது. பதமான வைக்கோலைப் பானைக்கு அடியில் வைக்கிற பிரிமணை மாதிரி சுருட்டிப் பைக்குள் வைத்து, ஓரத்தில் வித்தைத் தூவி, அதன்மேல் இன்னொரு சுற்று வைத்து, மறுபடி வித்தைத் தூவி அடுக்கிக்கொண்டே போனாள். பின்னால் கயிற்றில் தொங்கிய பழைய பைகளில் சிப்பிக் காளான் கொத்துக் கொத்தாக வெடித்திருந்தது. அந்த ஆவணியில் மழை ஏமாற்றவில்லை. சாக்குத் திரைக்குத் தண்ணீர் தெளிக்கிற வேலைகூட மிச்சம். கொட்டகை போட்ட நாளிலிருந்து இப்படி ஒரு மகசூல் வந்ததில்லை என்று செவந்தி உள்ளூரக் குளிர்ந்துபோயிருந்தாள்.

"ஒன் கன்னுக்குட்டிய நான் வித்துருக்கக் கூடாது ஆத்தா," என்றார் வெளியே மலையாண்டி. "நீ ராவும் பகலும் கத்துன. நான் காதுல துண்டக் கட்டிக்கிட்டுப் படுத்துக் கெடந்தேன். தப்புதான். என்னய முட்டிரு."

அந்தக் கன்றை விற்று இரண்டு வருஷம் ஆகிறது. செவந்தி வைக்கோலைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

மலையாண்டி பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வேர்வை. கண்மணி இரண்டும் விரிந்து, பார்ப்பது யாரை என்றே தெரியவில்லை. செவந்தி தொட்டதும் திரும்பிச் சிரித்தார். சுவர் மூச்சு விடுகிறது, நீ வேண்டுமானால் கை வைத்துப் பார் என்றார். நெஞ்சு உரலில் குத்துகிற மாதிரி குத்துகிறது என்றார். அவர் குடிக்கிற ஆள் இல்லை. கோயில் திருவிழாவில்கூட ஒரு சொட்டு வாயில் வைத்தவர் இல்லை.

"சுடரு, இங்கிட்டு வா. அப்பாவப் பாரு."

சுடர்விழி அவர்களுடைய ஒரே மகள். புதுக்கோட்டையில் தாவரவியல் படித்தவள். அந்த வம்சத்திலேயே கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள். படித்து முடித்து ஊர் ஊராக வேலை தேடிப் பார்த்துவிட்டு, "எவங்கிட்டயும் கைகட்டி நிக்க எனக்கு ஆகாது," என்று திரும்பி வந்து காளான் கொட்டகை போட்டாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். அதைவிட நீளம் கோபம். வந்தவள் அப்பாவின் நாடியைப் பிடித்துக்கொண்டே தரையைப் பார்த்தாள். கழனித் தொட்டியோரம் பளபளவென்று ஒரு காலிப் பாக்கெட் கிடந்தது. அதில் ‘சுடர் காளான் பண்ணை, அன்னவாசல்’ என்று அவளுடைய ஸ்டிக்கரே ஒட்டியிருந்தது.

"ஏம்மா, நாம எப்ப மிட்டாய் போட்டோம்?"

செவந்தி பசுவின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்குத் தெரியும்.

முந்தின நாள்தான் அவள் தம்பி வசந்தகுமாரின் வீடு குடிபுகல். சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துத் திரும்பியவன், அன்னவாசலில் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி மாடி வீடு கட்டியிருந்தான். வந்தவர்களுக்கெல்லாம் தாம்பூலப் பை கொடுத்தான். வெற்றிலை, பாக்கு, தேங்காயோடு பைக்கு ஒரு காளான் மிட்டாய்ப் பாக்கெட். அக்காள் மகளின் பண்ணை நாலு பேருக்குத் தெரியட்டுமே என்று, கொட்டகையிலிருந்து ஸ்டிக்கர் சுருளைச் சத்தமில்லாமல் எடுத்துப் போய், போனில் பார்த்து வரவழைத்த மிட்டாய் மேல் அவனே உட்கார்ந்து ஒட்டினான். சுடருக்கு இது தெரியக் கூடாது, அதிசயமாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தான். செவந்தியும் வாயைத் திறக்கவில்லை. விசேஷத்தன்று பந்தியில் சாம்பார் வாளியும் கையுமாக ஓடிக்கொண்டிருந்த சுடர்விழி பைக்குள் எட்டிப் பார்க்கவும் இல்லை.

சுடர்விழி நகத்தால் ஸ்டிக்கரைக் கிழித்தாள். அடியில் ஊதா நிறத்தில் மினுமினுவென்று இங்கிலீஷ். காளான் கலவை, மனசுக்கு அமைதி, நூறு சதம் இயற்கை. எந்தக் காளான் என்று இல்லை. யார் செய்தது, எந்த ஊர், என்றைக்குச் செய்தது, எதுவும் இல்லை. அரசாங்கம் கொடுக்கிற உணவு உரிம நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூப்படம். அவள் விற்கிற வெறும் காளானுக்கே அந்த நம்பரை வாங்க எத்தனை தடவை புதுக்கோட்டைக்கு நடந்தாள் என்பது செவந்திக்குத் தெரியும். பேர் இல்லாதவன் செய்ததை முகம் இல்லாதவன் விற்று, அது வீட்டு வாசல் வரை வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்கியிருக்கிறது.

"எத்தன தின்னீங்கப்பா?"

"நல்லாருந்துச்சு தாயி. புளிப்பும் இனிப்புமா," என்றார் மலையாண்டி. பாக்கெட்டில் ஒன்றுகூட மிச்சமில்லை.

பக்கத்துக் காட்டுக்காரர் பிச்சை ஆட்டோ வைத்திருந்தார். அதில் அவரை ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனார்கள். வழியெல்லாம் மலையாண்டி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். வெட்டிய வேப்ப மரத்திடம் கேட்டார். செத்துப்போன அண்ணனிடம் கேட்டார். பிறகு முன்னால் எட்டி பிச்சையின் தோளைத் தொட்டார்.

"அந்த வரப்ப ஒரு முழம் ஒன் பக்கம் தள்ளி வெட்டுனது நாந்தான் பிச்ச. எலி பறிச்சதுன்னு சொன்னது பொய்யி."

பிச்சை கண்ணாடியில் செவந்தியைப் பார்த்தார். செவந்தி வெளியே பார்த்தாள்.

"அப்பவே தெரியும்ணே," என்றார் பிச்சை. "எலி நூல் புடிச்ச மாதிரியா பறிக்கும்? பேசாம வாங்க."

ஆஸ்பத்திரியில் பார்த்தது ஒரு சின்ன வயது டாக்டரம்மா. காலிப் பாக்கெட்டை முன்னும் பின்னும் திருப்பினார். எந்தக் காளான் என்று தெரிந்தால் அதற்குத் தக்கபடி பார்க்கலாம், பேரே இல்லாததற்கு நான் என்னவென்று வைத்தியம் பார்ப்பது என்று கேட்டார். சில மிட்டாயில் காளானே இருக்காதாம், காளான் என்று சொல்லி வேறு ஏதாவது ரசாயனத்தைக் கலந்திருப்பார்களாம். குளுக்கோஸ் ஏற்றி, நெஞ்சில் வயரை ஒட்டிப் படுக்க வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் தெளிந்துவிடும் என்று சொல்லிவிட்டு நகரப் போனவர் நின்றார்.

"இவரு திடமான ஆளும்மா. இதையே ஒரு சின்னப் பிள்ள தின்னுருந்தாலோ, ஹார்ட்டுக்கு மாத்திர போடுற பெரியவங்க தின்னுருந்தாலோ, நான் உங்ககிட்ட இப்படி நின்னு பேசிக்கிட்டு இருக்க மாட்டேன். வேற யாருகிட்டயாவது இது இருக்கா?"

அன்னவாசலில் பாதிப் பேரிடம் இருந்தது.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சுடர்விழி போனை எடுத்தாள். தெரிந்த நம்பருக்கெல்லாம் வரிசையாக அடித்தாள். மிட்டாயைத் தின்னாதீங்க, பிள்ளைங்க கையில் கொடுக்காதீங்க, மற்றதை நேரில் வந்து சொல்கிறேன். ஒரு வீட்டில் அம்மாக்காரி, இப்போதுதான் மகளுக்குச் சாப்பாட்டு டப்பாவோடு இரண்டு மிட்டாய் வைத்துப் பள்ளிக்கூடம் அனுப்பினேன் என்றாள். போனை வைக்காமலே ஓடினாள். மூச்சிரைக்கிற சத்தமும் செருப்புச் சத்தமும் போனில் கேட்டுக்கொண்டே இருந்தது. செவந்தி மடியில் முடிந்திருந்த முந்தானையைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "எடுத்துட்டேன், எடுத்துட்டேன், இன்னும் மணி அடிக்கல," என்ற குரல் வந்ததும் சுடர்விழி போனை மடியில் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தாள்.

அப்போதுதான் செவந்தி சொன்னாள்.

"தம்பி என்கிட்டக் கேட்டுத்தான் குடுத்தான். காளானாச்சே, தின்னலாமாக்கான்னு கொண்டாந்து காட்டுனான். நாந்தான் பாத்துட்டு நல்லதுன்னு சொன்னேன்."

"என்னத்தப் பாத்த?"

"மஞ்சப் போட்டு."

இடி இடித்த மறுநாள் புற்றோரம் முளைத்த காளானைப் பறித்து வருகிறவர்கள், அது கொதிக்கும்போது ஒரு மஞ்சள் துண்டும் நாலு அரிசியும் போட்டுப் பார்ப்பார்கள். மஞ்சள் கறுக்காமல் அரிசி நிறம் மாறாமல் இருந்தால் நல்ல காளான். செவந்தியின் ஆத்தாள் அப்படித்தான் பார்த்தாள். அவளும் அப்படித்தான் பார்த்தாள். தம்பி கொண்டுவந்த மிட்டாய் இரண்டைச் சட்டியில் போட்டு, மஞ்சளும் அரிசியும் போட்டுக் கொதிக்க வைத்தாள்.

சுடர்விழி அம்மாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அரிசி நெறம் மாறலயா?"

"ஊதாவா மாறுச்சு."

"மாறுச்சா?"

"மிட்டாய்ச் சாயம்னு நெனச்சேன்டி. மஞ்ச கறுக்கலயே."

பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுடர்விழி சிரிக்கவில்லை. காட்டுக் காளானுக்கே அந்தச் சோதனை பொய், சாகடிக்கிற காளான்கூட மஞ்சளை ஒன்றும் செய்யாது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்றாள். மஞ்சளுக்கு என்ன தெரியும், அது கிழங்கு என்றாள். காலேஜில் மூன்று வருஷம் நான் படித்ததை நீ இரண்டு அரிசியை வைத்துத் தாண்டிவிட்டாய் என்றாள். கடைசியாகச் சொன்னதுதான் செவந்திக்குத் தைத்தது.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல? எம் பேரு ஒட்டுற பொருளுக்கு."

தம்பியின் ஆசை, மகளுக்கு அதிசயம், நல்ல நாள் என்று செவந்தி எத்தனையோ காரணம் வைத்திருந்தாள். அந்தப் பெஞ்சில் ஒன்றும் நிற்கவில்லை.

செய்தி கேட்டு வசந்தகுமாரும் அவன் மனைவி ராஜலட்சுமியும் வந்தார்கள். குடிபுகல் அன்று கட்டிய மஞ்சள் கயிறுகூட அவன் கையில் அவிழவில்லை. மச்சான் படுத்திருப்பதைப் பார்த்து அழுதான். பிறகு போனை நீட்டினான். அஞ்சு ஸ்டார் போட்டிருந்தார்கள், ஆயிரம் பேர் நல்லாயிருக்கு என்று எழுதியிருந்தார்கள் என்றான். ஆஸ்பத்திரியில் ஆள் கிடக்கிறார், இதில் என்ன கலந்தீர்கள் என்று விற்றவனிடம் காலையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தானாம். முதல் தடவை ஒரு இருதயப் படம் வந்தது. இரண்டாம் தடவை அடுத்த முறை வாங்கினால் விலைக் குறைப்பு என்று வந்தது. மூன்றாம் தடவை இவன் நம்பரையே அடைத்துவிட்டார்கள்.

"அந்த ஆயிரம் பேருல ஒருத்தனுக்காச்சும் மூஞ்சி இருந்துச்சா மாமா?" என்றாள் சுடர்விழி.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பாக்கெட்டுகளை எல்லாம் வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்க வேண்டும், அதில் ஒன்றுகூட ஊருக்குள் இருக்கக் கூடாது என்றாள். அங்கேதான் முட்டிக்கொண்டது. கொடுத்த தாம்பூலத்தைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் எந்த ஊரில் உண்டு? அதுவும் புது வீட்டுத் தாம்பூலம். ராஜலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டே, போனில் சொன்னது போதாதா, திருப்பி வாங்கினால் அந்த வீட்டில் விளக்கு நிற்குமா அண்ணி என்று கேட்டாள். வசந்தகுமாரும் வாட்ஸப்பில் போட்டுவிடலாம் என்றான். வாட்ஸப்பில் போட்டால் வாங்காத பயல்கள் எல்லாம் எங்கே கிடைக்கும் என்று தேடி வருவார்கள், விஷத்தைத் திரும்ப வாங்குவதற்கு நல்ல நேரம் பார்க்கிறீர்களா என்று சுடர்விழி குரலை உயர்த்தினாள். நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

செவந்தி எழுந்து சேலையை உதறினாள்.

"வெறுங்கையோட போய்க் கேட்டாத்தான் திருப்பி வாங்குறது. கையில ஒன்னக் குடுத்துட்டுக் கேட்டா அது மாத்துறது. கொட்டகையில இருக்குற காளான் பூராவையும் பறிப்போம். நான் போய்க் கேக்குறேன். நல்லதுன்னு சொன்ன வாயி என்னோடது."

காளான் புதுக்கோட்டை ஓட்டல்களுக்குச் சொல்லி வைத்தது. சுடர்விழி ஒரு நொடிகூட யோசிக்காமல், இந்தத் தடவை வராது என்று ஓட்டல்காரர்களுக்குப் போன் போட்டாள்.

மலையாண்டியைப் பார்த்துக்கொள்ள வசந்தகுமாரை உட்கார வைத்துவிட்டு வந்து பறித்தார்கள். கொத்தைப் பிடித்து லேசாகத் திருகினால் அடியோடு வந்துவிடும். இழுத்தால் பை கிழியும். மணல் தரையில் மண்டி போட்டு, கீழ்ப் பையிலிருந்து மேல் பைக்கு ஏறி, கூடை கூடையாகச் சேர்த்தார்கள். குளிர்ந்த வைக்கோல் வாசம் கையிலெல்லாம் ஏறியது. ராஜலட்சுமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். பாதி வேலையில் அவளும் உட்கார்ந்து கவரில் போட ஆரம்பித்தாள்.

பிற்பகல் முதல் வீட்டுக்குப் போனபோது செவந்திக்கு உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. தேதி முடிந்துபோன மிட்டாய், அதனால் மாற்றிக் கொடுக்கிறோம் என்று மழுப்பினாள். அந்த வீட்டுக்காரி பெருந்தன்மையாக, "தேதி கெடக்கு அக்கா, நாங்க இன்னைக்கே தின்னு முடிச்சுர்றோம்," என்றாள். சுடர்விழி அம்மாவைத் திரும்பிப் பார்த்த பார்வையில் வைக்கோல் பற்றியிருக்கும்.

செவந்தி தொண்டையைச் செருமினாள்.

"இல்லத்தா, பொய் சொன்னேன். எந்தம்பி ஆளத் தெரியாம ஆன்லைன்ல வாங்குனது. நான் மஞ்சப் போட்டுப் பாத்து நல்லதுன்னு சொன்னேன். எங்க வீட்டுக்காரரு தின்னுட்டு மாட்டுகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டு ஆஸ்பத்திரியில கெடக்குறாரு. அதக் குடுத்துரு. இது என் கொட்டகையில வெளஞ்சது, இத வச்சுக்க."

அந்தப் பெண் வாயைப் பிளந்தாள். பாக்கெட்டைக் கொண்டுவந்து, பாம்பைப் பிடிக்கிற மாதிரி இரண்டு விரலால் நீட்டினாள். பிறகு கேட்டாள், மாடு மன்னித்ததா என்று.

அதற்கப்புறம் செவந்திக்கு வழி கிடைத்துவிட்டது. உண்மையைச் சொன்னால் அரை நிமிஷத்தில் வேலை முடிந்தது. சில வீட்டில் திட்டினார்கள். ஒரு வீட்டில் படித்த பெண்ணை வைத்துக்கொண்டு இப்படியா என்று கேட்டார்கள்; அவள் பிசகில்லை, என் பிசகு என்று செவந்தி வாசலிலேயே சொன்னாள். பின்னால் நின்ற சுடர்விழி அன்று முதல் தடவையாக எதிர்த்துப் பேசாமல் நின்றாள். சில வீட்டில் மோர் கொடுத்தார்கள். மலையாண்டியும் மாடும் அவர்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். தெரு முனை திரும்புவதற்குள் அடுத்த தெருவில் கதை தெரிந்திருந்தது. தையல்கடைக்காரர் வீட்டில்தான் வேறு மாதிரி ஆனது. அவர் இரண்டு மிட்டாய் தின்றுவிட்டு ராத்திரி பூராவும் வாந்தி எடுத்திருந்தார். பந்தியில் போட்ட கத்தரிக்காய்க் கூட்டில் ஏதோ கோளாறு என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தார்களாம். அதைக் கேட்டதும் ராஜலட்சுமி முன்னால் வந்தாள்.

"எங்க சமையலயா சொன்னீங்க? கூட்டு நான் கூட நின்னு தாளிச்சது. மிட்டாய்தாங்க காரணம். இந்தா பாருங்க பாக்கெட்ட, பேரு இருக்கா, ஊரு இருக்கா?"

அந்த நிமிஷத்திலிருந்து தாம்பூலமாவது விளக்காவது என்று ஆகிவிட்டது அவளுக்கு. அடுத்த வீட்டுக்குள் செவந்திக்கு முன்னால் அவள்தான் நுழைந்தாள்.

மறுநாள் மலையாண்டி வீடு வந்தார். தலை கனம் தவிர ஒன்றுமில்லை. தான் என்னென்ன பேசினோம் என்பது அவருக்கு நினைவில்லை. பிச்சை ஏன் வரப்பில் நின்று தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று விளங்காமல், கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். சுடர்விழி பிரிக்காத சில பாக்கெட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் புகார் எழுதினாள். வந்து சோதனைக்கு வாங்கிப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். மிட்டாய் விற்றவன் இன்றைக்கு இந்தப் பேரை மூடிவிட்டு நாளைக்கு வேறு பேரில் திறப்பான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினாள்.

உள்ளூரில் எல்லாம் வந்துவிட்டது. பாக்கி ஒரே ஒரு வீடுதான். கறம்பக்குடியில் ராஜலட்சுமியின் தாய்வீடு.

அவள் அம்மா கண்ணாத்தாள் போனிலேயே சொல்லிவிட்டாள். தின்னவும் மாட்டேன், தரவும் மாட்டேன். மகள் வீட்டு முதல் தாம்பூலத்தைச் சாமி அலமாரியில் வைத்திருக்கிறேன், பரீட்சை லீவுக்குப் பேரப் பிள்ளைகள் வரும்போது பிரித்து ஆளுக்கொன்று கொடுப்பேன். ராஜலட்சுமி அழுது பார்த்தாள், கத்தியும் பார்த்தாள். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. அவள் அப்பா கண்ணுசாமிக்கு நெஞ்சில் அடைப்பு வந்து மாத்திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது. இனிப்பு என்றால் திருடித் தின்கிற மனிதர். அன்று காலை பூராவும் அடுப்படியில் ராஜலட்சுமி கையிலிருந்து பாத்திரம் விழுந்துகொண்டே இருந்தது.

அன்று பிற்பகலே வசந்தகுமாரின் லோடு வண்டியில் நாலு பேரும் போனார்கள். மிச்சமிருந்த காளானைச் செவந்தி ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் கடலைக் கொல்லை பச்சையாகக் கிடந்தது. கறம்பக்குடியில் வண்டியை நிறுத்தியதும் வசந்தகுமார் ஸ்டீயரிங்கை விட்டு இறங்கவில்லை. மாமியார் முகத்தில் விழிக்க அவனுக்குத் தெம்பில்லை.

கண்ணாத்தாள் வா என்று சொன்னாள், உட்காரச் சொன்னாள், காப்பி கொடுத்தாள். கண்ணுசாமி ஓரத்தில் நாற்காலியில் பேப்பரும் கையுமாக இருந்தார். அவர் பேசி யாரும் அதிகம் கேட்டதில்லை. அந்த வீட்டில் பேச்சு முழுவதும் கண்ணாத்தாளுடையது.

"எதுக்கு வந்துருக்கன்னு தெரியும் செவந்தி. காப்பியக் குடி. அது மட்டும் முடியாது."

"அத்த, மாத்திக் குடுக்கத்தான் வந்திருக்கேன். வெறுங்கையா வரல."

"குடுத்தது குடுத்ததுதான். எம் மக வீட்டுச் சீதேவிய நீ கவர்ல போட்டு எடுத்துட்டுப் போவியா?"

"வெத்தல, பாக்கு, தேங்கா, அதான அத்த தாம்பூலம்? அது உங்க வீட்டுலயே இருக்கட்டும். மிட்டாய் சீதேவியா?"

"சீதேவி இல்லன்னா உந்தம்பி ஏன் பையில போட்டான்?"

ராஜலட்சுமி குறுக்கே வந்து, அப்பாவுக்கு ஏதாவது ஆனால் என்று ஆரம்பித்தாள். உங்க அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன், அலமாரிச் சாவி என் இடுப்பில் என்று கண்ணாத்தாள் தட்டிக் காட்டினாள். சுடர்விழி பாக்கெட்டில் என்ன இருக்கலாம் என்று பொறுமையாகத்தான் ஆரம்பித்தாள். பாதியிலேயே குரல் ஏறிவிட்டது. கண்ணாத்தாள், படிச்ச புள்ள இவ்வளவு வாய் பேசக் கூடாது, நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போகணும் என்றாள். சுடர்விழியின் முகம் சிவந்தது. செவந்தி மகள் முழங்கையைப் பிடித்து அழுத்திவிட்டு, காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"சரி அத்த, நான் கேக்கல. நடந்தத மட்டும் சொல்லிட்டுப் போறேன். எங்க வீட்டுக்காரரு இத்தன வருசமா எனக்கே சொல்லாம வச்சிருந்ததப் பூராவும் இது வெளிய கொண்டாந்துருச்சு. கன்னுக்குட்டிய வித்ததுக்கு அழுதாரு, சரி. வேப்ப மரத்த வெட்டுனதுக்கு அழுதாரு, சரி. பிச்சையோட ஆட்டோவுலயே உக்காந்துக்கிட்டு, ஒன் வரப்ப வெட்டுனது நாந்தான்னு பிச்சகிட்டயே சொல்லிட்டாரு. நாங்க ரெண்டு குடும்பமும் பஞ்சாயத்து வரைக்கும் போன வரப்பு அது. பொண்டாட்டி பக்கத்துல இருக்கா, வயசுக்கு வந்த மக இருக்கான்னு ஒரு இது இல்ல. ஆஸ்பத்திரியில பெட்டுல கெடந்துக்கிட்டு, கல்யாணத்துக்கு முன்னாடி குடுமியான்மலையில யாரப் பாத்தாருன்னு நர்சுகிட்டச் சொல்லிக்கிட்டு இருக்காரு. மனுசன் உசுரு தப்பிச்சதே பெருசுன்னு நான் விட்டுட்டேன்."

கண்ணாத்தாள் சிரித்துவிட்டாள். சிரித்த வாயை மூடுவதற்குள் பேப்பர் மடங்குகிற சத்தம் கேட்டது.

கண்ணுசாமி எழுந்தார். பனியனைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு மனைவியின் முன்னால் வந்து கையை நீட்டினார். சாவி என்றார். அவள் என்னவென்று கேட்டாள். சாவியைக் கொடு என்றார் மறுபடி. அந்த வீட்டில் அவர் இரண்டு தடவை ஒன்றைச் சொல்வதே புதுசு. கண்ணாத்தாள் தன்னையறியாமல் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் அலமாரியைத் திறந்தார். வெற்றிலையையும் பாக்கையும் தேங்காயையும் சாமி படத்துக்கு முன்னால் ஒழுங்காக எடுத்து வைத்தார். பாக்கெட்டை மட்டும் கொண்டுவந்து செவந்தியின் கையில் கொடுத்தார். அதன் ஓரம் ஏற்கெனவே லேசாகக் கிள்ளப்பட்டிருந்தது. உள்ளே எதுவும் குறையவில்லை.

"ராத்திரி பூட்டுறதுக்கு முன்னாடி கை வச்சேன். அதுக்குள்ள இவ இருமுனா. அப்படியே வச்சுட்டேன்," என்றார் மெல்ல. "எடுத்துட்டுப் போயிரு ஆத்தா. நான் வாயத் தொறந்து மனசுல உள்ளதச் சொல்ல ஆரம்பிச்சா இந்த வீடு தாங்காது."

ராஜலட்சுமி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிரிக்க முடியவில்லை.

"அப்படி என்னத்த வச்சிருக்கீங்க மனசுல?" என்றாள் கண்ணாத்தாள்.

கண்ணுசாமி பேப்பரை விரித்துக்கொண்டார்.

செவந்தி ஈரத்துணிப் பொட்டலத்தை நாற்காலியில் வைத்தாள். அதற்கு மேல் அங்கே நிற்பது நல்லதல்ல என்று பட்டது. போய்ட்டு வாரேன் அத்தை என்று சொல்லி மூன்று பேரும் வெளியே வந்து வண்டியில் ஏறினார்கள். எனக்கு ஏதாவது திட்டு விழுந்ததா என்று வசந்தகுமார் கேட்டான். உனக்கு இல்லை, உன் மாமனாருக்கு விழப் போகிறது என்றாள் சுடர்விழி. ஆஸ்பத்திரிப் பெஞ்சில் இறுகிய அவள் முகம் அங்கேதான் இளகியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே பாக்கெட்டை வாங்கி, அதன்மேல் இருந்த தன் பேரை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

வண்டி நகர்ந்தபோது கண்ணாத்தாள் வாசலைத் தாண்டித் தெருவுக்கே வந்துவிட்டாள். கையில் காளான் பொட்டலம் இருந்தது. திருப்பிக் கொடுக்கத்தான் வருகிறாள் என்று செவந்தி நினைத்தாள். வண்டி நின்றது.

"செவந்தி, இது ஒங்கையில வெளஞ்சதுதான?"

"என் கையில வெளஞ்சதுதான் அத்த. நேத்துப் பறிச்சது."

"வித்து?"

"வித்து எம் மக போட்டது."

கண்ணாத்தாள் ஜன்னல் வழியாகச் சுடர்விழியை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு துணியை விலக்கி ஒரு கொத்தை எடுத்து மோந்தாள்.

"இதுக்குப் பட்ட, சோம்பு போடலாமா, வெறும் மெளகு போதுமா?"

"மெளகு போதும் அப்பத்தா," என்றாள் சுடர்விழி. "தண்ணி ஊத்தாதீங்க. அதுவே விடும்."